பேக் நிறம் மாறியதைவிடப் படுக்கை நனைந்ததே என் கவலை

கேள்வி: எனக்கு 67 வயது, ஓய்வு பெற்ற ஆசிரியை. கீழ்முதுகில் நரம்புகள் நசுங்கி அறுவை சிகிச்சை செய்துகொண்ட பிறகு சிறுநீர் தானாகப் பிரிவதில்லை என்பதால், 14 மாதங்களாகக் கதீட்டர் போட்டிருக்கிறேன். எட்டு வாரத்துக்கு ஒருமுறை செவிலியர் வந்து மாற்றுவார். நான்கு நாட்களுக்கு முன்பு காலையில் பார்த்தபோது யூரின் பேக் கத்தரிப்பூ நிறமாக மாறியிருந்தது. நாளுக்கு நாள் நிறம் ஏறுகிறது. காய்ச்சல் இல்லை. சிறுநீரகம் செயலிழந்தால்தான் இப்படி ஆகும் என்று தெரிந்தவர் ஒருவர் சொன்னார். பயந்துபோய், முன்பு மீதமிருந்த ஆன்டிபயாடிக் மாத்திரையை இரண்டு நாள் சாப்பிட்டேன். கிருமிநாசினி கலந்த நீரால் நாளுக்கு மூன்று முறை கழுவுகிறேன். இரண்டு இரவுகளாகப் படுக்கை லேசாக நனைவதால் தண்ணீர் குடிப்பதைக் குறைத்துவிட்டேன். குழாயின் உட்புறத்தில் மாவு போல வெள்ளையாக ஒட்டியிருக்கிறது. மலம் மூன்று நான்கு நாட்களுக்கு ஒருமுறைதான் போகிறது. நாட்காட்டியில் குறித்து வைத்திருக்கிறேன்: கடந்த இரண்டு முறையும் எட்டு வாரம் நிறைவதற்கு முன்பே, 44-ஆம் நாளிலும் 41-ஆம் நாளிலும் குழாய் அடைத்துக்கொண்டு அவசரமாக மாற்ற வேண்டியதாயிற்று. இப்போது 37-ஆம் நாள். என் சிறுநீரகம் கெட்டுவிட்டதா? இந்தக் குழாய் ஆயுள் முழுவதும் வேண்டுமா?

பதில்:

அன்புள்ள அம்மா,

முதலில் உங்கள் பயத்தைத் தீர்த்துவிடுகிறேன். யூரின் பேக் ஊதா நிறமாவது சிறுநீரகம் செயலிழந்ததன் அடையாளம் அன்று. ஆனால் கடிதத்தின் பிற்பகுதியில் நீங்கள் போகிற போக்கில் எழுதியிருக்கும் மூன்று செய்திகள், அதாவது படுக்கை நனைவது, குழாய்க்குள் வெள்ளை மாவு படிந்திருப்பது, முந்தைய இரண்டு குழாய்களும் கெடுவுக்கு முன்பே அடைத்துக்கொண்டது ஆகியவை, நிறத்தைவிட எனக்கு அதிகக் கவலை தருகின்றன. ஆகவே இந்தப் பதிலை முழுதாகப் படித்து முடிக்கும் முன்பே செவிலியரை அழைத்து, குழாயை இன்றே மாற்றிவிட முடியுமா, மிகவும் தாமதமானால் நாளைக்குள் மாற்ற முடியுமா என்று கேட்டுவிடுங்கள். 56-ஆம் நாள் வரை காத்திருக்க வேண்டாம்.

குழப்பம் வராமலிருக்க ஒரு சொல் விளக்கம்: சிறுநீர்ப்பை என்று நான் எழுதுவது உடலுக்குள் இருக்கும் உறுப்பை; வெளியே தொங்குவதை யூரின் பேக் என்றே எழுதுகிறேன்.

ஊதா நிறம் எப்படி வருகிறது என்று தெரிந்துகொண்டால் பயம் பாதி விலகிவிடும். நாம் உண்ணும் புரதத்தில் டிரிப்டோஃபான் என்ற அமினோ அமிலம் இருக்கிறது. அது குடலில் நீண்ட நேரம் தங்கினால் அங்குள்ள நுண்ணுயிரிகள் அதை இண்டோல் என்ற பொருளாக மாற்றுகின்றன. அந்த இண்டோல் இரத்தத்தில் கலந்து, கல்லீரலில் இண்டாக்சில் சல்ஃபேட்டாக மாறி, சிறுநீரகங்களின் வழியே நிறமில்லாமல் வெளியேறுகிறது. சாதாரணமாக அதோடு கதை முடிந்துவிடும். ஆனால் நீண்ட நாள் கதீட்டர் போட்டிருப்பவர்களின் குழாயில் குடியிருக்கும் புரோட்டியஸ், பிராவிடென்சியா, கிளெப்சியெல்லா போன்ற பாக்டீரியாக்களில் சில, அந்தப் பொருளைப் பிளக்கும் நொதியைச் சுரக்கின்றன. பிளந்தபின் காற்றுப்பட்டு உருவாகும் இரண்டு நிறமிகளில் ஒன்று இண்டிகோ, அதாவது அவுரிச் செடியிலிருந்து சாயத்துக்கு எடுக்கும் அதே நீலம். மற்றொன்று இண்டிரூபின் என்ற சிவப்பு. இரண்டும் கலந்து பேக்கின் பிளாஸ்டிக்கில் ஊறிவிடுவதைத்தான் நீங்கள் கத்தரிப்பூ நிறமாகப் பார்க்கிறீர்கள். 1978-லேயே மருத்துவ இதழில் பதிவான நிகழ்வு இது. பெண்களிடமும், முதியவர்களிடமும், மலச்சிக்கல் உள்ளவர்களிடமும், சிறுநீர் காரத்தன்மையாக இருப்பவர்களிடமும் அதிகம் காணப்படுகிறது.

நீங்களே ஒன்றைச் சோதித்துப் பாருங்கள். கைகளைக் கழுவிக்கொண்டு, உடலிலிருந்து வெளிவரும் இடத்துக்கு அருகே குழாயின் முதல் நான்கு விரற்கடை நீளத்தை விளக்கு வெளிச்சத்தில் பாருங்கள். அங்கே இறங்கும் சிறுநீர் பெரும்பாலும் மஞ்சளாகவே இருக்கும். கீழே போகப்போகக் குழாயின் சுவரும் பேக்கும்தான் நிறமேறியிருக்கும். சிறுநீரகத்திலிருந்து வரும்போதே நிறம் மாறியிருந்தால் மேலிருந்து கீழ்வரை ஒரே நிறமாக இருந்திருக்கும். இதைப் பார்ப்பதற்காகக் குழாயையும் பேக்கையும் தனித்தனியாகக் கழற்ற வேண்டாம்; அந்த இணைப்பு திறக்கப்படும் ஒவ்வொரு முறையும் கிருமி உள்ளே நுழைய வழி கிடைக்கிறது.

நிறத்தால் மட்டும் தீங்கில்லை என்றாலும், அது இரண்டு செய்திகளைச் சொல்கிறது: உங்கள் குடல் மந்தமாக இருக்கிறது, உங்கள் குழாயில் சிறுநீரைக் காரமாக்கும் பாக்டீரியாக்கள் குடியேறியிருக்கலாம். இந்த இரண்டாவது செய்தியிலிருந்துதான் அந்த வெள்ளை மாவுக்கு வருகிறேன்.

புரோட்டியஸ் வகை பாக்டீரியா யூரியேஸ் என்ற நொதியால் சிறுநீரிலுள்ள யூரியாவை உடைத்து அமோனியா ஆக்குகிறது. அமோனியாவால் சிறுநீரின் காரத்தன்மை கூடியதும், அதில் கரைந்திருந்த மெக்னீசியம், கால்சியம், பாஸ்பேட் ஆகியவை கரைந்த நிலையில் நிற்க முடியாமல் படிகங்களாகப் பிரிகின்றன. வெந்நீர்ப் பாத்திரத்தின் அடியில் உப்புப் படிவது போல அவை குழாயின் உட்சுவரிலும், நுனியிலுள்ள சிறு துளைகளிலும், உள்ளே குழாயைப் பிடித்து நிறுத்தும் பலூனின் மேலும் படிந்து இறுகிவிடும். கழற்றிய குழாயின் நுனியை, கையுறை அணிந்த விரல்களுக்கிடையே வைத்து உருட்டிப் பார்ப்பது என் பழக்கம். சுத்தமான குழாய் ரப்பர் போல வழுவழுவென்று நசுங்கும். படிவு கட்டிய குழாய் ஈர மணல் அடைத்த நூல்போல நறநறக்கும். நீளவாக்கில் வெட்டிப் பார்த்தால், பென்சில் ஈயம்கூட நுழையாத அளவுக்கு வழி குறுகியிருப்பதைப் பல முறை பார்த்திருக்கிறேன். நீண்டகாலம் கதீட்டருடன் வாழ்பவர்களில் ஏறக்குறைய பாதிப்பேருக்கு என்றாவது ஒரு நாள் இப்படி அடைப்பு வருகிறது. ஆகவே இதை உங்கள் சுத்தக்குறைவு என்று நினைத்து வருந்தாதீர்கள்.

வழி குறுகும்போது என்ன நடக்கும்? சிறுநீர்ப்பை நிறைகிறது, உள்ளே போகும் அளவுக்கு வெளியே வராததால், குழாயின் ஓரத்தில் கிடைக்கும் இடைவெளி வழியே கசிகிறது. படுக்கை நனைவதற்கு வேறு காரணங்களும் உண்டு. சிறுநீர்ப்பை துடித்துச் சுருங்கினாலும், குழாய் மடங்கினாலும், மலம் தேங்கி அழுத்தினாலும் இப்படிக் கசியலாம். ஆனால் உங்கள் நரம்புப் பாதிப்பில் சிறுநீர்ப்பை தளர்ந்திருப்பதால், துடிப்பினால் கசிவது என்பது ஐயப்பட வேண்டிய முதல் காரணம் அன்று. வெள்ளைப் படிவும், 37-ஆம் நாள் என்ற கணக்கும் சேர்ந்து அடைப்பைத்தான் காட்டுகின்றன. இங்கே உங்களுக்கென்று ஓர் ஆபத்து இருக்கிறது. நரம்பு நல்ல நிலையில் உள்ளவருக்குக் குழாய் அடைத்தால் அடிவயிறு தாங்க முடியாமல் வலிக்கும்; வலியே அவரை மருத்துவமனைக்கு இழுத்துக்கொண்டு போய்விடும். உங்களுக்கு அந்த உணர்ச்சி மங்கியிருப்பதால், வலி இல்லாமலேயே சிறுநீர்ப்பை நிறைந்து, கிருமி கலந்த சிறுநீர் மேல்நோக்கி அழுத்தி, சிறுநீரகங்களுக்கும் அங்கிருந்து இரத்தத்துக்கும் தொற்று ஏறலாம். வலிக்கவில்லை என்பதை உங்கள் விஷயத்தில் நல்ல அறிகுறியாக எடுத்துக்கொள்ள முடியாது.

ஆதலால் நீங்கள் வலியை நம்பாமல் கண்ணை நம்ப வேண்டும். விழித்திருக்கும் நேரத்தில் இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை பேக்கின் அளவுக்கோட்டைப் பாருங்கள். ஒரு நாளில் 1,500 மி.லி. சிறுநீர் பிரிகிறது என்றால் மணிக்குச் சுமார் 60 மி.லி. வர வேண்டும்; இரண்டு மணி நேரத்தில் 120 மி.லி. கூடியிருக்க வேண்டிய இடத்தில் கோடு அசையாமல் இருந்தால், முதலில் குழாய் உடலுக்கடியில் நசுங்கியிருக்கிறதா, எங்காவது மடங்கியிருக்கிறதா, பேக் சிறுநீர்ப்பையின் மட்டத்துக்குக் கீழே தொங்குகிறதா, பேக்கே நிரம்பி வழி அடைத்திருக்கிறதா என்று பாருங்கள். எல்லாம் சரியாக இருந்து, படுத்த நிலையிலிருந்து எழுந்து உட்கார்ந்து பார்த்தும், அடுத்த ஒரு மணி நேரத்திலும் வரவில்லை என்றால், அது நள்ளிரவாக இருந்தாலும் விடியட்டும் என்று காத்திருக்காதீர்கள். உடனே மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும். அடிவயிறு உப்பியிருந்தாலோ வலித்தாலோ அந்த ஒரு மணி நேரமும் வேண்டாம். நீங்களே குழாயை இழுத்துப் பார்க்கக் கூடாது. உள்ளே பொதுவாக 10 மி.லி. நீர் நிரப்பிய பலூன் இருக்கிறது. அதைச் சிரிஞ்சால் வடிக்காமல் இழுத்தால் சிறுநீர்த்தாரை, அதாவது சிறுநீர் வெளியேறும் பாதை, கிழிந்துவிடும்.

இனி நீங்கள் நீரைக் குறைத்ததைப் பற்றி. நனையாமலிருக்க வேண்டும் என்ற உங்கள் நினைப்பு எனக்குப் புரிகிறது. ஒரு வயதுக்குப் பிறகு படுக்கை நனைவது மனத்தை எவ்வளவு கூசச் செய்யும் என்பதை நோயாளிகள் தலையைக் குனிந்துகொண்டு சொல்லக் கேட்டிருக்கிறேன். ஆனால் நீர் குறையும்போது சிறுநீர் கெட்டியாகி, படிகம் விரைவாகச் சேர்கிறது, மலமும் இறுகுகிறது, அடைப்பும் கசிவும் கூடுகின்றன. நாளுக்கு ஒன்றரை முதல் இரண்டு லிட்டர் வரை, காலையிலிருந்து மாலை வரை பரவலாகக் குடியுங்கள். இதய நோய்க்கோ சிறுநீரக நோய்க்கோ நீரின் அளவைக் கட்டுப்படுத்தச் சொல்லப்பட்டவர்கள் மட்டும் தம் மருத்துவர் சொன்ன அளவை மீறக் கூடாது. குழாய் அடைத்து ஓட்டம் நின்றுபோயிருக்கும் வேளையில் மட்டும், அடைப்பு நீங்கும் வரை மேலும் மேலும் குடிக்க வேண்டாம்.

மலச்சிக்கலைத் தனி நோயாக நினைக்காதீர்கள். சிறுநீர்ப்பைக்கும் மலக்குடலுக்கும் அடிமுதுகிலிருந்து செல்பவை ஒரே நரம்புக் கூட்டம்தான். ஒன்று மந்தமானால் மற்றதும் மந்தமாவது இயல்பு. நிறைந்த மலக்குடல் முன்னாலிருக்கும் சிறுநீர்ப்பையையும் குழாயையும் அழுத்திக் கசிவை உண்டாக்கும். முன்பு சொன்ன டிரிப்டோஃபானும் குடலில் கூடுதல் நேரம் தங்கி ஊதா நிறத்துக்கு வழி செய்யும். உணவில் நார்ச்சத்தும், நாளில் ஒரே நேரத்தில் கழிப்பறையில் உட்காரும் பழக்கமும் போதவில்லை என்றால், லாக்டுலோஸ் போன்ற மலமிளக்கிகளை மருத்துவரைக் கேட்டுத் தொடங்கலாம். குடல் ஒழுங்காகி, குழாயும் பேக்கும் மாற்றப்பட்டால், பலருக்கு அந்த நிறம் வேறு மருந்தின்றியே மறைந்துவிடுகிறது.

ஆன்டிபயாடிக் விஷயத்தில் மட்டும் உங்களிடம் கொஞ்சம் கண்டிப்பாகப் பேச வேண்டியிருக்கிறது. கதீட்டர் போட்டவருக்கு நாளொன்றுக்கு 3 முதல் 7 சதவீதம் என்ற வேகத்தில் சிறுநீரில் பாக்டீரியா சேர்கிறது; ஒரு மாதம் கடந்தால் ஏறக்குறைய எல்லோருக்குமே இருக்கும். தண்ணீர்த் தொட்டியின் சுவரில் வழுக்கும் பாசிபோல, அவை குழாயின் சுவரில் படலமாக ஒட்டி வாழ்கின்றன. மாத்திரையால் அந்தப் படலத்தை முழுதாக அழிக்க முடியாது. காய்ச்சல், குளிர்நடுக்கம், விலாவில் வலி போன்ற அறிகுறிகள் இல்லாதபோது மாத்திரை சாப்பிட்டால், எளிதில் சாகும் கிருமிகள் செத்து, மருந்துக்கு அடங்காதவை மட்டும் எஞ்சும். உண்மையான தொற்று வரும் நாளில் அந்த மருந்து கைகொடுக்காது. மங்கலான சிறுநீரும் நாற்றமும் மட்டும் இருந்தால் அது சிகிச்சை தேவைப்படும் தொற்று என்று ஆகிவிடாது. மீதமுள்ள மாத்திரையை மேலும் சாப்பிடாதீர்கள். எந்த மருந்து, எத்தனை மாத்திரை என்பதை எழுதி மருத்துவரிடம் காட்டுங்கள், ஏனென்றால் அது பரிசோதனை முடிவை மாற்றக்கூடும். தொற்று என்ற ஐயத்தில் சிறுநீரைப் பரிசோதிக்க நேர்ந்தால், பேக்கில் தேங்கியதிலிருந்து எடுக்காமல், புதிய குழாய் போட்டபின் அதிலிருந்து எடுக்கும்படி கேளுங்கள். பேக்கில் மணிக்கணக்கில் வளர்ந்த கிருமியும் பழைய குழாயின் படலமும் தவறான விடையைத் தரும்.

கிருமிநாசினி கழுவலையும் நிறுத்திவிடலாம். நாளுக்கு ஒருமுறையும் மலம் கழித்த பிறகும், சாதாரணச் சோப்பும் நீரும் கொண்டு முன்னிருந்து பின்னாகக் கழுவி, குழாயை உடலிலிருந்து வெளிப்பக்கம் நோக்கித் துடைத்தால் போதும். கிருமிநாசினியால் மெல்லிய தோல் புண்ணாகுமே தவிர, உள்ளேயிருக்கும் படலத்தை அது தொடப்போவதில்லை. பேக் மூன்றில் இரண்டு பங்கு நிறைந்ததும் காலி செய்வது, வடிக்கும் முனை பாத்திரத்தில் படாமல் பார்த்துக்கொள்வது, குழாயைத் தொடையில் பட்டையால் இழுபடாமல் கட்டி வைப்பது ஆகியவற்றை உங்கள் செவிலியர் ஏற்கெனவே கற்றுத் தந்திருப்பார்.

செவிலியரிடமும் மருத்துவரிடமும் நீங்கள் பேச வேண்டிய செய்தி ஒன்று உண்டு. அதற்கான சான்றை நீங்களே நாட்காட்டியில் எழுதி வைத்திருக்கிறீர்கள். நோயாளி எழுதிய குறிப்பு இவ்வளவு பயன்படுவதை நான் எப்போதாவதுதான் பார்க்கிறேன். முழுச் சிலிக்கான் குழாயை 12 வாரம் வரை வைத்திருக்கலாம் என்பது உச்ச வரம்பு. எல்லோருக்கும் அத்தனை வாரம் தாங்கும் என்று அதற்குப் பொருளில்லை. உங்கள் குழாய் 44 நாள் தாங்கியது, அடுத்தது 41 நாள். அப்படியானால் எட்டு வாரக் கணக்கு உங்களுக்குப் பொருந்தவில்லை. அடைப்பதற்கு ஒரு வாரம் முன்பே, சுமார் 30 முதல் 35 நாட்களுக்குள் மாற்றும்படி திட்டத்தைத் திருத்தச் சொல்லுங்கள். குழாய் என்ன பொருளால் ஆனது என்றும் கேளுங்கள். ஒரே வெளியளவில், பூச்சிட்ட லேட்டெக்ஸ் குழாயைவிட முழுச் சிலிக்கான் குழாயின் உள்வழி அகலமானது. கசிகிறது என்பதற்காக இன்னும் பருமனான குழாய் போட்டுவிடலாம் என்று யாராவது சொன்னால் உடனே ஒப்புக்கொள்ள வேண்டாம். பருமன் கூடினால் சிறுநீர்த்தாரைதான் விரிந்து சேதமாகும், கசிவு நிற்பதற்கு உறுதியில்லை. அடைப்பு திரும்பத் திரும்ப வருவதால், சிறுநீர்ப்பைக்குள் கல் உருவாகியிருக்கிறதா என்று ஸ்கேன் எடுத்துப் பார்ப்பதும் அவசியம். குழாயிலிருந்து உதிர்ந்த படிவுத் துணுக்கு உள்ளேயே தங்கிக் கல்லாகி, எத்தனை புதிய குழாய் போட்டாலும் மீண்டும் படிவை வளர்த்துக்கொண்டே இருக்கும்.

வேறு நிறங்களைப் பற்றிச் சுருக்கமாக: ரிஃபாம்பிசின், ஃபெனாசோபிரிடின் மாத்திரைகள் ஆரஞ்சு நிறமும், நைட்ரோஃபியூரண்டாயின் பழுப்பும் தரலாம், குழாய் மாற்றிய நாளில் இளஞ்சிவப்பாகச் சிறிது வருவதும் உண்டு. தக்காளிச் சாறு போலச் சிவந்து வந்தாலோ, கட்டிகட்டியாக இரத்தம் வந்தாலோ அது வேறு கதை; அன்றே மருத்துவரைப் பார்க்க வேண்டும். காரணம் தெரியாமல் இரத்தம் மீண்டும் மீண்டும் வந்தால், பல ஆண்டுகள் குழாய் வைத்திருப்பவர்களுக்குச் சிறுநீர்ப்பையை உள்நோக்கிக் கருவியால் பார்த்தாக வேண்டும்.

100.4 டிகிரி ஃபாரன்ஹீட் அல்லது அதற்கு மேல் காய்ச்சல், உடல் தூக்கிப் போடும் நடுக்கம், விலா வலி, வாந்தி, பேச்சில் தடுமாற்றம், வழக்கத்துக்கு மாறான உறக்கம் ஆகியவற்றில் ஒன்று வந்தாலும், பேக் என்ன நிறத்தில் இருந்தாலும், அவசரச் சிகிச்சைக்குச் செல்லுங்கள். உங்களுடன் இருப்பவரிடமும் இதைச் சொல்லி வையுங்கள். ஏனெனில் முதியவர்களுக்குத் தொற்று ஏறும்போது குழப்பம்தான் முதலில் வரும், அதை அவர்களே உணர மாட்டார்கள். இந்தப் பதிலைப் படிக்கும் மற்றவர்களில் கழுத்திலோ மேல்முதுகிலோ தண்டுவடக் காயம் பட்டவர்கள் இருந்தால், அவர்களுக்குத் தனியாக ஒன்று: குழாய் அடைத்த நேரத்தில் தலை வெடிப்பது போன்ற வலியும், முகம் சிவந்து வியர்ப்பதும் வந்தால் இரத்த அழுத்தம் ஆபத்தாக ஏறுகிறது என்று பொருள். உடனே நிமிர்ந்து உட்கார்ந்து, அடைப்பை நீக்க உதவி தேட வேண்டும், நிமிடங்கள்கூட முக்கியம்.

ஆயுள் முழுவதும் இந்தக் குழாய்தானா என்று கேட்டிருந்தீர்கள். அப்படி முடிவு கட்ட வேண்டியதில்லை. 1972-இல் அமெரிக்கச் சிறுநீரியல் மருத்துவர் ஜாக் லாபிடஸ் தம் குழுவினருடன் அறிமுகப்படுத்திய முறை ஒன்று இன்று உலகெங்கும் நடைமுறையில் இருக்கிறது: தேவைப்படும் வேளையில் மட்டும், நாளுக்கு நான்கு முதல் ஆறு முறை, நோயாளியே சுத்தமான மெல்லிய குழாயைச் செலுத்திச் சிறுநீரை வடித்துவிட்டு எடுத்துவிடுவது. எப்போதும் உள்ளே ஒரு குழாய் இல்லாததால் படிவும் அடைப்பும் அதில் பெரும்பாலும் இல்லை. கை நடுக்கமில்லாமல் இருக்க வேண்டும், உட்கார்ந்து குனிய முடிய வேண்டும், பார்வை ஓரளவு நன்றாக இருக்க வேண்டும். நாட்காட்டியில் இவ்வளவு ஒழுங்காகக் குறிப்பெழுதும் உங்களால் அதைக் கற்றுக்கொள்ள முடியும் என்றே நினைக்கிறேன். அது இயலாவிட்டால் அடிவயிற்றின் வழியே குழாய் வைக்கும் முறையும் இருக்கிறது. உட்காருவதற்கும் சுத்தம் செய்வதற்கும் அது எளிது, ஆனால் அதிலும் படிவு வரும். இரண்டையும் பற்றி உங்கள் சிறுநீரியல் மருத்துவரிடம் இந்த மாதமே பேசுங்கள்.

செவிலியர் வரும்போது, கழற்றிய குழாயைக் குப்பையில் போடுவதற்கு முன் அதன் நுனியை உங்களிடம் காட்டச் சொல்லுங்கள். படிவு எவ்வளவு இருந்தது, துளை திறந்திருந்ததா, மாற்றியதும் முதலில் எத்தனை மி.லி. வடிந்தது என்ற மூன்றையும் 37 என்ற எண்ணுக்கு அருகில் நாட்காட்டியில் எழுதிக்கொள்ளுங்கள். அடுத்த மாற்றத்தை எந்த நாளில் வைப்பது என்பதை உங்கள் மருத்துவர் அதைப் பார்த்தே முடிவு செய்யலாம்.